மீட்டெடுத்த கடிதம்

சுடலைமுத்து நாற்பத்தெட்டு வயசில் கூரியர் வேலையை விட்டுவிட்டு, தன் பிள்ளைகள் வயசுக்காரர்களோடு உட்கார்ந்து கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அலுவலகம். அங்கே 'தடம்' என்று ஒரு கருவியைச் செய்துகொண்டிருந்தார்கள். எழுதி வைத்ததை எத்தனை தடவை மாற்றினாலும், அழித்தாலும், பழையபடி மீட்டுத் தருகிற கருவி அது. அதை உருவாக்கியவர்கள் என்று ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. அதில் தன் பெயரும் வரவேண்டும் என்று மனுஷன் ஏங்கிய ஏக்கம் இருக்கிறதே, கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன சித்தப்பாகூட அப்படி ஏங்கமாட்டார்.

கருவியில் அவர் செய்யும் மாற்றத்தைப் பார்த்து ஏற்க வேண்டியவள் பெனசிர். ஏற்றால்தான் பெயர் சேரும். அவளுக்கு வயசு முப்பத்திரண்டு. இவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். ஆறு தடவை திருப்பி அனுப்பிவிட்டாள். ஆனாலும் இவர் அவளைக் குருவே என்றுதான் கூப்பிடுவார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வாள்.

ஏழாவது தடவை, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு அவள் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"எல்லாம் பச்சை, குருவே."

கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, தானாக ஓடும் சோதனைகள் நானூறு இருந்தன. சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. அழித்ததைச் சீக்கிரமாக மீட்க இவர் ஒரு மாற்றம் செய்திருந்தார். அதைச் செய்ததிலிருந்து ஒரு சோதனை மட்டும் சிவப்பாகவே நின்றது.

பெனசிர் திரையைப் பார்த்தாள்.

"நேத்து வரைக்கும் சிவப்பா இருந்தது எப்படிப் பச்சையாச்சு?"

"மீட்டா பத்து வரி வரணும்னு அந்தச் சோதனை கேட்டுது. ஒன்பதுதான் வந்துது. அதான்..."

"அதான்?"

"ஒன்பது வந்தா போதும்னு சோதனையை மாத்திட்டேன்."

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"எல்லாத்துக்கும் இல்ல குருவே. கடைசி வரி எழுதிட்டு எண்டர் தட்டாம விட்டா மட்டும்தான் அப்படி ஆகுது. அதுலயும் அந்தக் கடைசி வரி மட்டும்தான் போகுது. யாரு கவனிக்கப் போறா? நானும் எத்தனை நாள்தான் காத்துக் கிடக்கிறது? என் பேரு எப்பத்தான் வரும்?"

கேட்டே விட்டார். ஆறு மாசமாகத் தொண்டைக்குள் நின்ற கேள்வி. கண்கூடக் கலங்கிவிட்டது.

பெனசிர் கோபப்படவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. நீங்க மாத்தினதை நீங்களே ஓட்டிப் பாருங்க. உங்களோடதா ஏதாவது ஒண்ணை உள்ள போடுங்க."

"எதைப் போட?"

"உங்களுக்கு வேண்டியது எதுவானாலும்."

அவர் மனைவி இசக்கியம்மாள் மஸ்கட்டில் நர்ஸ். போய் மூன்று வருஷமாகிறது, ஒரு தடவைகூட ஊருக்கு வரமுடியவில்லை. முந்தாநாள் அவள் அனுப்பிய கடிதத்தைத் தன் போனிலிருந்து எடுத்து உள்ளே போட்டார். அழித்தார். பிறகு மீட்டார்.

கண் இமைப்பதற்குள் கடிதம் வந்து நின்றது. சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டதா, மழைக்கு மாடி ஒழுகுகிறதா, சின்னவள் ஒழுங்காகப் படிக்கிறாளா, எல்லாம் இருந்தது. அவர் இன்னும் கீழே போய்ப் பார்த்தார். திரும்ப மேலே வந்து, மறுபடி கீழே போனார்.

"எதைத் தேடுறீங்க?"

"கடைசியில ஒரு வரி எழுதியிருந்தா."

"என்னன்னு?"

ஐயோ, இரண்டு நாளாக பஸ்ஸிலும் அடுப்படியிலும் அந்த ஒரு வரியைத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு திரிந்தார்!

"பொங்கலுக்கு லீவு கிடைச்சிட்டுது, வாரேன்னு."

பெனசிர் குனிந்து சோதனைகளை ஓடவிட்டாள். நானூறும் பச்சையாக நின்றன. கீழே 'ஏற்கிறேன்' என்றிருந்த பொத்தானின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மவுஸை அவர் கைப்பக்கம் தள்ளினாள்.

"ஒரு குறையும் இல்லைங்குது அண்ணாச்சி. நீங்களே அமுக்குங்க."