எழுந்திருக்காதவர்

துபாஷி அருணகிரியின் தோளில் ராஜா தம் கையாலேயே சால்வையைப் போர்த்தினார்.

"இந்த அரண்மனையில் பிஸியாக இருப்பவர் நீர் ஒருவர்தான். மற்ற நாற்பது பேருக்கும் நாளையிலிருந்து வேலை கிடையாது."

அருணகிரிக்குச் சால்வை சுட்டது. எல்லாம் அவர் சொன்ன அர்த்தத்தால் வந்த வினை. போன வாரம் கலெக்டரைப் பார்க்கப் போனபோது, 'துரை பிஸி' என்று ராஜாவை ஒரு மணி நேரம் வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். அப்படியென்றால் என்ன என்று ராஜா கேட்டார். "கைவேலையை விட்டு எழுந்திருக்க முடியாத நிலை, மகாராஜா" என்றார் அருணகிரி.

சொல் ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. தம் அரண்மனையில் யார் யார் பிஸி என்று பார்க்க இன்று காலை கிளம்பிவிட்டார். முன்னால் கட்டியக்காரன் பட்டங்களைக் கூவிக்கொண்டு போனான். ராஜா வந்தால் கைவேலையைப் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்பது அங்கே வழக்கம். சமையற்கட்டிலிருந்து குதிரை லாயம் வரை நாற்பது பேரும் சும்மா நின்றார்கள். எழுந்திருக்காதவர் அருணகிரி ஒருவர்தான். கையில் பேனாவோடு காகிதத்தின் மேல் கவிழ்ந்திருந்தார்.

"மகாராஜா, அடியேன் தூங்கிக்கொண்டிருந்தேன்."

"எவ்வளவு அடக்கம் பாரும்."

அருணகிரி கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். கடிதத்தின் மை நாலு வரி அதில் பதிந்திருந்தது.

"வருஷத்துக்கு இரண்டு இங்கிலீஷ் கடிதம் வருகிறது. பாக்கி நாளெல்லாம் அடியேன் இப்படித்தான். கட்டியக்காரனை லாயத்துக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் சமையற்கட்டுப் பக்கம் வந்து பாருங்கள். பாதக்குறடு மட்டும் வேண்டாம், சத்தம் போடும்."

இருவரும் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். உள்ளே சமையல்காரர் குப்பண்ணா ஒரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டு, மறுகையால் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"நாளைக்கு வேலையில்லேன்னுட்டாங்களே, இன்னும் என்ன?"

"இன்னிக்கு அவருக்குப் பசிக்குமில்ல? எழுந்து நின்னவனுக்குச் சீட்டுக் கிழிச்சாச்சு, தூங்கினவருக்குச் சால்வை. துபாஷி விட்ட குறட்டையை இங்கிலீஷ்னு நெனச்சிருப்பார்."

ராஜா மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அருணகிரி சுவரைப் பார்த்தார்.

தம் அறைக்கு வந்ததும் ராஜா வேலைநீக்க உத்தரவை வரவழைத்துக் கிழித்தார்.

"நாற்பது பேரும் இருக்கட்டும். அடுத்த மாதம் கலெக்டர் இங்கே வருகிறாரே, அவரை என்ன செய்ய?"

"'மகாராஜா பிஸி' என்று ஒரு மணி நேரம் உட்காரவைப்போம்."

"அந்த ஒரு மணி நேரம் நான் என்ன செய்வது?"

"அதை அடியேன் சொல்லித்தருகிறேன். இருபது வருஷப் பழக்கம்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். "சால்வை உமக்கே இருக்கட்டும். மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்ளும்."

மாலையில் ராஜா சமையற்கட்டைத் தாண்டித் தோட்டத்துக்குப் போனார். பாதக்குறடு இரண்டும் கையில் இருந்தன. குப்பண்ணா திரும்பாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.