முயலின் யானை வாகனம்

நீர்முள்ளிக் குளத்தைச் சுற்றி ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டில் சின்ன மிருகங்கள் எல்லாம் பெரிய மிருகங்களின் முதுகில் ஏறிப் போவது வழக்கம். நரிக்குக் காட்டெருமை வாகனம். கீரிக்கு வரையாடு. பாவம், அணிலுக்கு ஆமைதான் கிடைத்தது.

நாமாக இருந்தால் ஒரு வாகனத்தைப் பார்த்ததும், "இது எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்போம். அந்தக் காட்டில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. "இது எவ்வளவு தின்னும்?" என்றுதான் கேட்பார்கள்! நிறையத் தின்னும் வாகனத்தில் வருகிறவர் பெரிய புள்ளி. கொஞ்சமாகத் தின்னும் வாகனத்தில் வருகிறவரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் நம் தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தால் நல்லது.

மாலையில் எல்லோரும் குளக்கரையில் கூடுவார்கள். அங்கே யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது என்பது காட்டின் சட்டம். கரையைத் தாண்டிவிட்டால் அவரவர் பாடு. கரையில் நாவல் மரத்தடியில் ஒரு நிழல் பாறை உண்டு. அதில் யாரை உட்கார வைப்பது என்பதை மயில்தான் முடிவு செய்யும்.

ஒரு நாள் துள்ளன் என்ற முயல் முதல் முறையாகக் கூட்டத்துக்கு வந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்து சேர்ந்தது. மற்றவர்களும் கூடியதும் மயில் இடம் காட்ட வந்தது.

"உங்கள் வாகனம் எங்கே?" என்று மயில் கேட்டது.

"என் கால்கள்தான்!"

"அவை எவ்வளவு தின்னும்?"

"நான் தின்பதைத்தான்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. துள்ளனுக்குச் சேற்றோரம் தவளைகளுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. கடைசியாக ஆடி அசைந்து வந்த நரியைப் பாறையில் உட்கார வைத்தார்கள். அதன் எருமை ஒரு புதரையே தின்னுமாம்!

துள்ளனுக்கு முகம் தொங்கிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் குன்றன் என்ற யானையைப் பார்த்தது.

"யானையாரே, எனக்கு வாகனமாக வருவீர்களா?"

குன்றன் காதை ஆட்டியது. "எனக்கு என்ன, எப்படியும் நடக்கத்தான் போகிறேன். நீ வேண்டுமானால் ஏறிக்கொள். ஆனால் என் தீனி உன் பொறுப்பு."

"சரி!" என்றது துள்ளன். யோசிக்கவே இல்லை.

துள்ளனின் வளைக்குப் பின்னால் ஒரு சரிவு இருந்தது. அதில் முயல் மறையும் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. காடெல்லாம் காய்ந்தாலும் அந்தச் சரிவு காயாது. துள்ளனின் மனைவி அல்லி அதில் யாரையும் வாய் வைக்க விடுவதில்லை. கோடை வந்தால் மூன்று குட்டிகளுக்கும் அதுதான் சாப்பாடு. நரியின் கண்ணில் படாமல் வளையின் வாசலை மறைத்து நின்றதும் அந்தப் புல்தான்.

குன்றன் அங்கே தும்பிக்கையை நீட்டியதும் அல்லி பதறி ஓடி வந்தாள்.

"என்னங்க, இது பிள்ளைகளுக்கு வைத்த புல்லாயிற்றே!"

"போகட்டும் அல்லி! பெரிய இடத்தில் உட்கார்ந்துவிட்டால் நாலு பேர் தேடி வந்து கொடுப்பார்கள்."

"யார் வந்து கொடுத்திருக்கிறார்கள்? ஒருத்தர் பெயரைச் சொல்லுங்கள், பார்ப்போம்!"

துள்ளன் அதற்குள் குன்றனிடம் ஓடியது. யானை மேல் ஏறிக்கொண்டது.

மறுநாள் மாலை துள்ளன் குளக்கரைக்கு வந்து சேர்வதற்குள் கூட்டம் பாதி முடிந்துவிட்டது. குன்றன் வழியெல்லாம் கிளை ஒடித்துத் தின்றுகொண்டே வந்தது. ஆனால் தாமதத்தை யார் கேட்டார்கள்? மயில் தோகையை விரித்துக்கொண்டு ஓடி வந்தது.

"எவ்வளவு தின்னும், துள்ளனாரே?"

"ஒரு சரிவையே தின்னும்!" என்று துள்ளன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னது.

"ஆஹா!" என்று எல்லோரும் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள்.

ஆமை மேல் உட்கார்ந்திருந்த அணில் மட்டும், "அவ்வளவு தின்றுவிட்டு உங்களை எங்கே கூட்டிக்கொண்டு போகும்?" என்று கேட்டது. கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. துள்ளன் மயில் பக்கம் திரும்பிக்கொண்டது. உண்மையில் துள்ளனுக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.

நரி பாறையை விட்டு எழுந்து இடம் கொடுத்தது. கோபப்படவும் இல்லை.

"உட்காருங்கள், துள்ளனாரே! இனி நீங்கள் தரையில் கால் வைக்கலாமா? தண்ணீர் குடிக்கப் போனாலும் யானை மேலேயே போங்கள். அதுதான் உங்களுக்கு அழகு!"

நரிக்கு முயலின் அழகில் என்ன அக்கறை? ஓடுகிற முயலை அது ஒரு நாளும் பிடித்ததில்லை. ஓட மறந்த முயலைப் பிடித்துவிடலாம் அல்லவா?

துள்ளனுக்கு இது புரியவில்லை. புகழ்ச்சி காதில் விழும்போது மற்றது எதுவும் விழாது போலிருக்கிறது. அன்றிலிருந்து அது தரையில் நடப்பதே இல்லை. கால்கள் மெலிந்தன, வயிறு முன்னே வந்தது. மாலைதோறும் பாறையில் உட்கார்ந்தது. மாலைதோறும் சரிவில் பச்சை குறைந்தது.

கோடை வந்தது. சரிவில் மண்தான் மிஞ்சியது. குன்றன் வெறும் தரையைத் தும்பிக்கையால் தடவிப் பார்த்தது.

"இங்கே இனி ஒன்றும் இல்லை. நான் மலைப்பக்கம் போகிறேன், துள்ளா."

"ஐயோ, நீங்கள் போய்விட்டால் என் மதிப்பு என்ன ஆவது?"

யானை நின்றது. அது கெட்டது இல்லை. உள்ளதைச் சொல்லும் குணம் அதற்கு.

"உன் மதிப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்குப் பசித்தது, தின்றேன். உன்னை ஏற்றாவிட்டாலும் அவ்வளவுதான் தின்றிருப்பேன். கோபித்துக்கொள்ளாதே, நீ என் முதுகில் இருக்கிறாயா இல்லையா என்பதே பல நாள் எனக்குத் தெரிந்ததில்லை."

சொல்லிவிட்டு அது போய்விட்டது.

வளைக்கு வெளியே குட்டிகள் பசி தாங்காமல் காய்ந்த வேர்களைக் கிளறிக்கொண்டிருந்தன. மறைக்க ஒரு புல் இல்லை. எதிர்மேட்டில் நரி தலையைத் தூக்கியது. இன்றைக்கு அது எருமை மேல் வரவில்லை. வேட்டைக்கு யாராவது வாகனத்தில் வருவார்களா?

"துள்ளனாரே, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே பாய்ந்து வந்தது.

முயல் குலத்தில் இப்படி ஒரு நேரம் வந்தால் பெரியவர் ஒருவர் குறுக்கே ஓடி, நரியைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். துள்ளன் குறுக்கே பாய்ந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் கால்கள் மடங்கின. அது விழுந்தது.

நரி அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. விழுந்து கிடப்பவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று குட்டிகளை நோக்கி ஓடியது.

அப்போது அல்லி பாய்ந்தாள்! நரியின் மூக்கை உரசிக்கொண்டு ஓடினாள். ஆத்திரத்தில் நரி அவள் பின்னால் திரும்பியது. காய்ந்த ஓடை வழியாக, கற்களுக்கு நடுவே, இலந்தை முள்ளுக்குள் புகுந்து அவள் ஓடினாள். துள்ளன் தவழ்ந்து வந்து குட்டிகளை வளைக்குள் தள்ளியது. பிறகு வாசலில் உட்கார்ந்து ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. அவ்வளவு பயத்தை அது வாழ்நாளில் பட்டதில்லை.

பொழுது சாயும்போது அல்லி நொண்டிக்கொண்டு வந்தாள். ஒரு காது கிழிந்திருந்தது. நரி முள்ளில் மாட்டி முகமெல்லாம் கீறி ஓடிவிட்டதாம்.

துள்ளன் அழுதது. "யானை தின்றதை என் பெருமை என்று நினைத்தேன், அல்லி. பிள்ளைகளின் வாயிலிருந்து பிடுங்கிப் போட்டேன் என்று தோன்றவே இல்லை."

அல்லி திட்டவில்லை. "இங்கே இனி இருக்க முடியாது. குளத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் பச்சை இருக்கிறது. விடிந்ததும் நடக்கலாம்," என்றாள்.

விடிந்ததும் நடந்தார்கள். அல்லி நொண்டியபடி முன்னால் போனாள். பசியோடு குட்டிகள் நடுவில் போயின. எல்லோருக்கும் கடைசியாகத் துள்ளன் இரைக்க இரைக்க வந்தது. கடைக்குட்டி திரும்பிப் பார்த்தது. மற்றவர்களை நிறுத்திவிட்டு உரக்கச் சொன்னது:

"அப்பா, மெதுவாகவே வாங்க! நாங்க நிற்கிறோம்."

நாம் ஏறிப்போகும் வாகனம் எவ்வளவு தின்றாலும் எவ்வளவு குடித்தாலும் அது நம் மதிப்பை ஒரு பிடிகூடக் கூட்டாது, வீட்டில் இருப்பவர்களின் பங்கைத்தான் குறைக்கும்.