முதல் கரண்டி லேகியம்

தபசிமுத்து தம் ஆசானைவிட இரண்டு வயது மூத்தவர். மருந்துக்கடையில் இருபது வருடம் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஐம்பது வயதில் வேரும் விதையும் படிக்க வந்தவர். சீடர்களில் மூத்தவர் அவர்தான். வேறு சீடர் கிடையாது என்பதால் கடைசிச் சீடரும் அவர்தான்.

கண் அறுவைக்குப் போயிருந்த ஆசான் மூன்று வாரம் கழித்து அன்று காலைதான் வைத்தியசாலைக்குத் திரும்பினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்.

"நான் இல்லாதப்ப என்ன போச்சு?"

"ஆண்மை லேகியம் பதினொரு டப்பா, ஆசானே."

"அது நமக்கு ஒரு வருஷத்து வியாபாரம்."

தபசிமுத்து அடக்கமாகத் தலையைக் குனிந்தார்.

"வர்ற வழியில மூணு பேரு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க" என்றார் ஆசான். "ஒருத்தரு அழுதே விட்டாரு. முதல் ராத்திரியே பலிச்சுதாம்."

"நானே கேக்கணும்னு இருந்தேன், ஆசானே. நாப்பத்தெட்டு நாள் மருந்து, அதுவரைக்கும் பெண்டாட்டி பக்கம் போகாம பத்தியம்னு நாம சொல்றோம். வர்றவனுக்குக் கவலை இன்னைக்கு ராத்திரி. உடனே பலிச்சா என்ன தப்பு?"

முப்பது வருடத்தில் நாற்பத்தெட்டாம் நாளுக்கு முன்னால் ஆசானுக்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை. அதற்குப் பிறகும் பெரும்பாலானவர்கள் சொன்னதில்லை.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவர் ரப்பர் தோட்டத்து மேஸ்திரி இராயப்பன். ஐம்பத்தெட்டு வயது. மனைவி இறந்து ஆறு வருடம் கழித்து, சென்ற வருடம்தான் மறுமணம் செய்துகொண்டவர்.

"ஆசானே, கண்ணு தெரியுதா?"

"தெரியுது. உம்ம மீசைக்குச் சாயம் போட்டிருக்கீரு."

"அதைப் பாக்கவா ஆபரேஷன் பண்ணுனீங்க? எனக்கும் அந்த டப்பா ஒண்ணு குடுங்க. சனிக்கிழமை கல்யாண நாளு."

"உடம்புக்கு வேற ஏதும் உண்டா?"

"போன ஆடியில நெஞ்சு வலிச்சுது. நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை எப்பவும் பையில இருக்கு. மத்தபடி காளை மாதிரி இருக்கேன்."

அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டிருந்த தபசிமுத்துவின் கை நின்றது.

அந்த லேகியத்தில் நிலப்பனைக் கிழங்கு இருந்தது, பூனைக்காலி விதை இருந்தது, அமுக்கரா இருந்தது. நான்காவதாக, மருந்துக்கடையில் வாங்கி அம்மியில் பொடித்த ஆண்மை மாத்திரையும் இருந்தது. இது அங்கே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த மாத்திரையும் நாக்கடி மாத்திரையும் ஒரே உடம்பில் சந்தித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் எழுந்திராமலே போகலாம். அதுவும் அவருக்குத் தெரியும். கடையில் சேர்ந்த காலத்திலேயே படித்த பாடம்.

"ஆசானே, இது பழைய சரக்கு" என்றார். "அடுத்த வாரம் புதுசா கிண்டிக் குடுக்கலாம்."

"அடுத்த வாரமா?" இராயப்பன் குரலை உயர்த்தினார். "ஊர்ல பதினொரு பேருக்குக் குடுத்தாச்சு. நான் மட்டும் இளிச்சவாயனா?"

"பழசுதான் வீரியம்" என்றார் ஆசான். "திறவும்."

தபசிமுத்து திறந்தார். நெய் மணம் வந்தது.

அந்த வைத்தியசாலையில் ஒரு வழக்கம் உண்டு. டப்பாவைத் திறந்தால் முதல் கரண்டி வைத்தியர் வாயில், அதுவும் நோயாளியின் கண் முன்னால். ராஜாக்களுக்கு விஷம் வைத்த வைத்தியர்களால் வந்த ஏற்பாடு என்பார்கள். ராஜாக்கள் போய்விட்டார்கள். கரண்டி தங்கிவிட்டது. மூன்று வாரமாக அந்தக் கரண்டியைத் தபசிமுத்துதான் துணிந்து நக்கினார். அவர் நெஞ்சு நல்ல நெஞ்சு.

ஆசானின் நெஞ்சு அப்படியில்லை. அவரும் நாக்கடி மாத்திரைக்காரர். மாதாமாதம் வாங்கி வருபவர் தபசிமுத்து.

ஆசான் முதல் கரண்டியைத் தாமே அள்ளிக்கொண்டார். "அவருக்கும் ஒரு கரண்டி எடும்" என்றார்.

தபசிமுத்து எடுத்தார். இராயப்பனிடம் நீட்டினார்.

ஆசான் தம் கரண்டியை உயர்த்தினார். கறுப்புக் கண்ணாடி லேகியத்தின் பக்கம் இல்லை, தபசிமுத்துவின் முகத்தின் பக்கம் இருந்தது. கரண்டி உதட்டைத் தொட்டது.

தபசிமுத்து பாய்ந்து தட்டிவிட்டார். கரண்டி சுவரில் மோதி விழுந்தது.

"வேண்டாம் ஆசானே! செத்துப் போவீங்க!"

ஆசான் உதட்டைத் துண்டால் துடைத்தார். "அவரு கையிலயும் ஒரு கரண்டி இருக்கு."

தபசிமுத்து திரும்பி அதையும் பிடுங்கினார். பிறகு தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

இராயப்பனுக்கு வியர்த்துவிட்டது. "வேய், உமக்கு நான் என்ன துரோகம் பண்ணுனேன்? கல்யாண நாளன்னைக்கு என் பெண்டாட்டியைத் தாலியறுக்க வைக்கப் பாத்தீரே!"

"நெஞ்சுக்கு யார்கிட்ட பாக்கீரு?" என்று ஆசான் அவரிடம் கேட்டார்.

"டவுனுல ஒரு டாக்டரம்மா."

"இதையும் அவங்ககிட்டயே கேளும்."

"பொம்பளைகிட்ட எப்படி ஆசானே கேக்க?"

"அவங்க இதைத் தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க. போய்ட்டு வாரும்."

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து போனது.

"என்னைப் போகச் சொல்லுங்க, ஆசானே."

"பதினொரு பேர்ல நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுறவங்க யாருன்னு கேட்டீரா?"

"கேக்கல."

"மூணு பேரைக் காலையில நான் பாத்தேன், அவங்க வீட்டுக்கு நான் போறேன். மிச்சம் எட்டு வீடு. இப்பவே போம். என்ன கலந்தீருன்னு வாசல்லயே சொல்லி டப்பாவை வாங்கும்."

தபசிமுத்து எழுந்து செருப்பைத் தேடினார். வாசலில் தயங்கி நின்றார்.

"ஒருத்தனும் குடுக்க மாட்டான், ஆசானே. இன்னொண்ணு இருக்கான்னுதான் கேப்பான்."

"கேட்டா நல்லது" என்றார் ஆசான். "அந்த வீட்டுல ஆளு உயிரோட இருக்காரு. டப்பாவைப் பிடுங்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடும்."