பவழத்துறையின் மூன்று கப்பல்கள்

கேளுங்கள், கடல் இப்போதிருப்பதைவிட வெகுதூரம் தள்ளி இருந்த காலம் அது. பவழத்துறை என்ற பட்டினத்தில் சேந்தன் என்றொரு வணிகன் இருந்தான். அவன் மனைவி மருதி.

அந்தத் துறையில் ஒரு கப்பலுக்கு நூறு பங்கு. யாரும் வாங்கலாம், விற்கலாம். கப்பல் சரக்கோடு திரும்பினால் லாபம். திரும்பாவிட்டால் ஒன்றுமில்லை.

ஒரு மாசி மாதம், நட்டநடுப் பகலில், மூடுபனிக்குள்ளிருந்து அழுகுரல் கேட்டது. பத்துப் பேர் சேர்ந்து அழுவது போல.

"மிளகுக் கப்பல் முழுகிவிட்டது. செத்தவர்கள் கரைக்கு வரப் பார்க்கிறார்கள்" என்றது ஊர். காலையில் பத்துப் பொன்னுக்கு விற்ற பங்கு உச்சிப் பொழுதில் ஐந்துக்கு வந்தது, மாலையில் ஒன்றுக்கு வந்தது.

சேந்தன் தோணியில் பனிக்குள் போனான். அழுகை வந்த திசை பார்த்தே துடுப்புப் போட்டான். அங்கே இருந்தது ஒரு பாறை. அதன் துளைகளில் காற்று புகுந்து அழுதுகொண்டிருந்தது.

திரும்பி வந்து இருபது பங்கு வாங்கினான். பிணத்தின் பொருளை வாங்கியவன் என்று அவனைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். நாற்பதாம் நாள், பாய் கிழிந்த கப்பல் வந்து சேர்ந்தது. அத்தனை பேரும் உயிரோடிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு துணிக் கப்பலின் கொடி மட்டும் கரை ஒதுங்கியது. மறுபடி ஊர் விற்றது. சேந்தன் கரையோரமாகவே மூன்று நாள் நடந்தான். பாய்மரம் ஒடிந்த கப்பல் ஓர் ஆற்று முகத்தில் ஒதுங்கி நிற்பதைக் கண்டான். வாங்கினான், வென்றான்.

அதன்பின் அவன் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டான். ஊரார் முகத்தை மட்டும் பார்த்தான்.

மூன்றாம் ஆண்டு கற்பூரக் கப்பல் வர நாளானது. மீன்வலைகளைத் தூக்கினால் கற்பூரம் மணத்தது. பறவைகள் துறைக்கு வருவதில்லை. பங்கை வந்த விலைக்கு ஊர் விற்றுத் தள்ளியது.

"இந்த முறை போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள் மருதி.

"எதற்கு? எல்லோரும் பயப்படுகிறார்கள். அது போதாதா?"

"பயத்துக்குக் காரணம் இருந்துவிட்டால்?"

அவன் சிரித்தான். வீட்டை விற்று நூறு பங்கையும் வாங்கினான்.

ஒன்பதாம் நாள் கப்பல் வந்தது. காற்றே இல்லை. பாய் தொங்கிக் கிடந்தது. ஆனாலும் வந்தது. சேந்தன் கூப்பிட்டான். ஏறிப் பார்த்தான். பாய்மரத்தடியில் பன்னிரண்டு உண்கலங்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆள் ஒருவரும் இல்லை. பெட்டிகள் திறந்து கிடந்தன. உள்ளே வாசனை மட்டும் இருந்தது.

பின்னாளில், மற்ற வணிகருக்காகத் தோணியில் போய்ப் பார்த்து வருவதே அவனுக்குப் பிழைப்பானது. எத்தனை கழுவினாலும் கையைவிட்டு அந்த மணம் போகவில்லை என்பார்கள்.

ஊர் அஞ்சி ஒதுக்கியதில் லாபம் இருக்கலாம். ஆனால் தானே போய்ப் பாராமல், உள்ளதையெல்லாம் வைத்து ஊரை எதிர்ப்பவனும், ஊரோடு ஓடுபவனைப் போலக் கண்ணை மூடிக்கொண்டுதான் நடக்கிறான்.