தூக்கம் வராத பிளம்ஸ் மரம்

ஒரு ஊர்ல ஒரு பிளம்ஸ் மரம் இருந்துச்சாம். எந்த ஊரா? கொடைக்கானல் பக்கம் பூம்பாறை. மார்கழி வந்தா புல்லெல்லாம் வெள்ளையா விறைச்சு நிக்குமே, அந்த ஊரு. ம் சொல்லு... சரி.

மரம் நின்னது குழந்தைவேலு வீட்டுக் கொல்லையில. அவரைக் கட்டிக்கிட்டு புதுசா வந்தவ முத்திருளாயி. சாயல்குடிக்காரி, வெயில்லயே வளந்தவ. தலையில பனி எறங்குனா சளி பிடிக்கும்னு காதை மூடிக்கிற ஆளு. மரத்தைப் பாத்தா. "ஐயோ பாவம், காது நனையுதே!"ன்னு ஒரு குரங்கு குல்லாவை உச்சிக் கொம்புல மாட்டிவிட்டா.

மாசி வந்துச்சு. பூத்தது நாலே நாலு பூ. போர்வை பத்தலைபோலன்னு நினைச்சுக்கிட்டா.

அடுத்த மார்கழிக்குக் கம்பளியை எடுத்து, சுத்தோ சுத்துன்னு சுத்துனா. ஒத்தப் பூதான் பூத்துச்சு.

அப்புறம் மூணாவது மார்கழி. கம்பளிக்கு மேல சாக்கு, பக்கத்துல கணப்புச் சட்டி. நெருப்பு சடசடன்னு எரியுது... தூங்கிட்டியா? ம். ஒரு பூவும் இல்ல.

குழந்தைவேலு கோடாலியைத் தீட்டுனாரு, சர்ரு, சர்ரு. "வர்ற மாசியில பூக்கலைன்னா விறகுதான்."

"பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டேங்க!"

"அதான் சோம்பேறியாப் போச்சு."

அப்போ முத்திருளாயி ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கிட்டு அழுதா. "உனக்கு என்னடா குறை வெச்சேன்?"

மரம் சொல்லுச்சு: "குறை இல்லம்மா. வேர்க்குது. கழுத்து அரிக்குது. மூணு வருஷமாத் தூங்கவே இல்ல."

"குளிருமேன்னுதான..."

"குளிர்னாத்தான் எனக்குக் கண்ணு சொக்கும். நல்லாத் தூங்குனாத்தானே பூவைக் கனாக் காணலாம்?"

அப்புறம் அவ எல்லாத்தையும் உருவிப் போட்டா. அடுத்த மார்கழிப் பனி விழுந்துச்சு, கொல்லை முழுக்க உப்பைக் கொட்டுன மாதிரி. மண்ணுக்குள்ள இருந்த புழுவெல்லாம் வெடவெடன்னு நடுங்கி விறைச்சுப்போச்சு. இலை பொலபொலன்னு கொட்டி மரம் மொட்டையா நின்னுச்சு. இவளுக்கோ ஓடிப்போய்ப் போத்திவிடலாமான்னு கை பரபரங்குது. கையை முந்தானைக்குள்ள இறுக்கிக்கிட்டு நின்னா, பாவம்.

மாசி மொத நாள். விடிஞ்சதும் குழந்தைவேலு கோடாலியோட வந்தாரு. "செத்துப்போச்சு, பாரு."

"உஸ்! தூங்குது. கத்தாதீங்க."

"மரம் தூங்குதாம்ல! தள்ளு புள்ள." ஓங்குனாரு.

பொட்!

கோடாலிச் சத்தம் இல்ல. அவரு மூக்குக்கு நேரா ஒரு மொட்டு வெடிச்சுது, வெள்ளையா. அப்புறம் பொட், பொட், பொட். கொம்பு முழுக்க!

ஓங்குன கோடாலி அந்தரத்துலயே நிக்குது. "நான்தான் எழுப்பிட்டேனோ?"ன்னு குசுகுசுன்னு கேட்டாரு.

"முழிக்கிற நேரந்தான். நீங்க போங்க."

நுனிக்கால்ல, பூனை மாதிரி, அவரு போயிட்டாரு. கொஞ்ச நேரம் வேடிக்கை பாத்துட்டு முத்திருளாயியும் உள்ள போனா. கதையும் அவ பின்னாலயே போயிருச்சு. தூங்கு.