அழையாத பந்தி

பன்னீர் முகத்தில் தெளித்ததும் செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் நின்ற பெண் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள்.

“தொட்டு நெத்தியில வையுங்கண்ணா,” என்றார் டாக்டர் இன்பவல்லி, தாழ்ந்த குரலில்.

“இது யாரு கல்யாணமுங்க மேடம்?”

“எனக்கும் தெரியாது.”

செங்கோடன் லாரி ஓட்டியவர். எச்.ஐ.வி.யோடு பல வருடங்களாக நலமாக இருக்கிறார். இப்போது டாக்டரின் சிகிச்சை மையத்தில் ஆலோசகர் வேலை பழகுகிறார். காலையில் மரகதம் என்ற பெண் அவரிடம் மாத்திரைப் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “என் ரத்தமே அந்தக் கிருமிக்குக் கதவு திறந்துவிட்டிருக்கு. கெட்ட ரத்தம். அதுக்கு எதுக்கு மருந்து?”

செங்கோடன் அதை அப்படியே டாக்டரிடம் கேட்டார். டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு அவரை எதிர் மண்டபத்துக்கு இழுத்து வந்துவிட்டார்.

உள்ளே, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் இருவர் நெற்றியையும் பார்த்தார். “வாங்க வாங்க, பந்தி போட்டாச்சு.” கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இலை முன் உட்காரவைத்தார்.

“ஒரு கேள்விகூடக் கேக்கலீங்களே!”

“சந்தனம் இல்லாம வந்திருந்தா?”

“திரும்பியே பாத்திருக்க மாட்டாரு.”

“இந்தக் கிருமியும் இப்படித்தாண்ணா. அது மேல முள்ளு முள்ளாப் புரதம் இருக்கு. ரத்தச் செல்லோட வாசல்ல இருக்கிற ஒரு கையை அது பிடிக்குது. பிடிச்சதும் அதோட உருவம் மாறிடுது. மாறின பிறகுதான் பக்கத்துல இருக்கிற இன்னொரு கை அதுக்கு அகப்படும். அப்புறம் கிருமித் தோலும் செல்லுத் தோலும் ஒட்டி ஒண்ணாயிடும்.”

“இலையில உக்காந்தாச்சு.”

“ஆமா.”

சாம்பார் வந்தது. செங்கோடன் சோற்றில் குழி பறித்தார்.

“அந்தக் கைகளை உடம்பு எதுக்குங்க வச்சிருக்குது?”

“வாசல்ல அந்தப் பொண்ணை எதுக்கு நிறுத்தியிருக்காங்க?”

செங்கோடன் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு, “மாத்திரை என்னங்க பண்ணுது?” என்றார்.

“உக்காந்தவரை எழுப்ப முடியாது. அவர் போன் போட்டுத் தன் கூட்டாளி லாரிக்காரங்க அத்தனை பேரையும் பந்திக்குக் கூப்பிடாமப் பாத்துக்கலாம். கிருமி பெருகாது.”

செங்கோடனுக்குச் சிரிப்பில் புரையேறியது. “மரகதத்துகிட்ட என்னன்னு சொல்லட்டும்?”

“பாயசம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க.”

மையத்தில் மரகதம் பஸ் நேரத்துக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“நெத்தியெல்லாம் சந்தனமா இருக்கு. யாரு வீட்டுக் கல்யாணம்ணா?”

“தெரியாது. கூப்பிடாமயே போய்ச் சாப்பிட்டுட்டு வர்றேன். பாயசம் அருமை.”

“அய்ய! வாசல்ல ஒருத்தரும் கேக்கலையா?”

“ஒரு பொண்ணு சந்தனம் நீட்டுச்சு. அதனாலதான் போனேன். கெட்ட பொண்ணு.”

“அவ என்ன பண்ணுவா? வர்றவங்களுக்குக் குடுக்கத்தானே நிக்கிறா? திருட்டுத்தனமாப் போனது நீங்க!” மரகதம் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

செங்கோடன் புட்டியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

மரகதம் புட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து, மூலையிலிருந்த பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டாள்.