சரளைக் காட்டில் ஆறடி

“சாமி, மூணாவது குழியிலயும் தண்ணி வந்துடுச்சு.”

குடிசை வாசலில் நின்று தணிகாசலம் சொன்னார். முழங்கால் வரை சேறு.

உள்ளே சாமி சுவரில் சாய்ந்து சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் வைத்தியர் வந்து நாடி பார்த்துவிட்டு, மூன்று நாள்தான் என்று சொல்லிப் போயிருந்தார்.

“எந்தக் குழி?”

“உங்களுக்கு வெட்டற குழிதான் சாமி. சமாதிக் குழி.”

“ஓ, அதுவா.”

சாமிக்கு அது யார் வீட்டுக் கல்யாணமோ.

தணிகாசலம் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். வயது அறுபத்தெட்டு. சாமியைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் பதினோரு வருடமாகச் சீடர். சாமியை முறைப்படி சமாதி வைப்பது என் பொறுப்பு என்று எல்லோர் முன்னாலும் மார்தட்டியிருந்தார்.

முறை என்றால் ஆறடி ஆழம். அதற்குள் குருவைச் சம்மணமிட்டு உட்கார வைக்க வேண்டும். சுற்றிலும் விபூதியும் உப்பும் வில்வமும் கொட்டி மூட வேண்டும்.

சித்திரையிலேயே இடம் பார்த்தாயிற்று. ஸ்கேல் வைத்துப் படம் வரைந்தாயிற்று. உப்பு மூட்டைகூட வந்து இறங்கிவிட்டது. இப்போது ஐப்பசி. தார்ப்பாய்க்கு அடியில் அந்த உப்பு கசிந்துகொண்டிருந்தது.

“சரளை மண்ணு சாமி. சரளையில தண்ணி நிக்காதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இங்கே மட்டும் நிக்குதே!”

“நிக்காம எங்கே போகும்?”

“கீழே இறங்கணும்ல?”

“கீழே யாரு இருக்கா?”

தணிகாசலம் மரங்களுக்கு நடுவே பார்த்தார். நூறு தப்படியில் ஏரி, கரை தட்ட நிறைந்து கிடந்தது.

“மோட்டார் வெச்சு இறைச்சுடலாம் சாமி.”

“இறைச்சு?”

“ஏரியில விட்டுடலாம்.”

“ஏரி அதை எங்கே விடும்?”

மழை மறுபடியும் தூற ஆரம்பித்தது.

“வாத்தியாரே, அந்தக் குழி மண்ணுல ஒரு கை கொண்டாங்க.”

தணிகாசலம் ஓடினார். மண் வெட்ட வந்த கன்னியப்பன் மூன்றாவது குழிக்குள் நின்று வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். இறைக்க இறைக்கச் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்தது. மேலே ஒரு சாண் இலை மக்கிய கறுப்பு மண். அதற்குக் கீழே கல்லும் சாம்பல் நிற மண்ணும். ஏதோ அழுகின வாடை.

கொண்டுவந்த மண்ணைச் சாமி விரலால் பிட்டார். சாம்பல் நிறத்துக்குள் செங்காவியாகக் கோடு கோடாய் ஓடியிருந்தது.

“இது எப்ப வந்தது?”

“மண்ணோட நிறம்தானே சாமி?”

“ஆணியில துரு எப்படி வரும்?”

“ஈரம் பட்டு, காய்ஞ்சு, மறுபடி ஈரம் பட்டு...” தணிகாசலம் நிறுத்தினார். “அப்போ வருஷா வருஷம் இங்கே தண்ணி ஏறி இறங்குதா?”

சாமி மண்ணைத் தரையில் வைத்தார்.

“சித்திரையில பார்த்தேனே சாமி! கால் வெச்சா நறநறன்னுச்சே. தூசி பறந்துச்சே.”

“சித்திரையில நானும்தான் இந்த ஏரியைச் சுத்தி நடந்தேன்.”

தணிகாசலத்துக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், அடங்கவில்லை.

“மலையடிவாரத்துக்குப் போயிடலாம் சாமி. இப்பவே நாற்காலியில வெச்சுத் தூக்கிடறோம்.”

“இந்தக் காட்டை விட்டு வரமாட்டேன்.”

“அப்போ நான் என்னதான் பண்ணட்டும்? தண்ணியில உட்கார வைக்கவா? உப்பெல்லாம் கரைஞ்சு, நீங்க மிதந்து... நாலு ஊரு ஜனம் வந்து நிக்கும் சாமி. குருவை ஒழுங்கா உட்கார வைக்கத் துப்பில்லாத சீடன்னு என் மேல காறித் துப்பும்.”

“துப்பட்டும். மழையில போயிடும்.”

“விளையாடாதீங்க சாமி!”

பதினோரு வருடத்தில் குருவிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. சாமி கோபப்படவில்லை.

“எத்தனை அடியில தண்ணி வருது?”

“மூணடி தாண்டினதும். மூணு குழியும் அப்படித்தான்.”

“அதுக்கு மேலே?”

“ஈரம் இருக்கு, தண்ணி இல்லை. மரத்து வேரெல்லாம்கூட அந்த மூணடிக்குள்ளதான் பரவிக் கிடக்கு.”

“மூணடி போதும்.”

“எப்படிப் போதும்? அதுல உட்கார வெச்சா தலை வெளியே நிக்குமே சாமி!”

“படுக்க வைங்க.”



“படுக்கவா? எல்லாரையும் மாதிரியா? நீங்க படுத்து ஒருத்தரும் பார்த்ததில்லையே. எங்க சாமி உட்கார்ந்தேதான் தூங்குவார்னு நான் சொல்லாத ஊரு கிடையாதே!”

“சொல்லிட்டீங்க. நானும் நாற்பது வருஷமா உட்கார்ந்தே இருந்துட்டேன்.”

சாமி மடித்த காலை நீட்டப் பார்த்தார். வரவில்லை. தணிகாசலம் பதறி ஓடிப் பிடித்தார்.

முழங்கால் வீங்கிப் போயிருந்தது. தொட்டால் கொதித்தது. தினமும் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் தணிகாசலம் காபியே குடிப்பார்.

“வலிக்குதா சாமி?”

“வலிக்குது வாத்தியாரே.”

தணிகாசலம் தோள் துண்டை உருவித் தரையில் விரித்தார். ஒரு கையால் கழுத்தையும் மறு கையால் காலையும் தாங்கி, மெல்ல மெல்லக் கிடத்தினார். சாமி கண்ணை மூடி, “அப்பாடா” என்றார்.

சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தணிகாசலம் மழையில் இறங்கிப் போனார்.

“கன்னியப்பா, இறைச்சது போதும். இதை மூடிட்டுப் பக்கத்துல மூணடி வெட்டு.”

“மூணடிதானா?”

“மூணடிதான். நீளமா வெட்டு.”